கோணலாகவே சுருட்டுங்கள்!

"எனக்குக் கை வராதுங்க."

இந்த மூன்று சொற்களைச் சொல்லிச் சொல்லியே நம்மில் பலர் பாதி ஆயுளை ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக் கழித்துவிடுகிறோம். பாட்டு வராது, படம் வரைய வராது, நாலு பேர் முன்னால் பேச வராது, பத்துப் பேரை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட வராது. யார் சொன்னது? எந்தத் தேர்வு எழுதித் தோற்றீர்கள்? தேர்வே நடக்கவில்லை. விசாரணையும் இல்லாமல், சாட்சியும் இல்லாமல், உங்களுக்கு எதிராக நீங்களே தீர்ப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறீர்கள். அந்தத் தீர்ப்பைக் கிழித்தெறிய ஜப்பானியரின் சாப்பாட்டு மேசை ஒன்று போதும்.

ஜப்பானில் ஏதோ ஒரு சாதாரண வீடு. பிறந்தநாளோ, புத்தாண்டு விடுமுறையோ, ஊரிலிருந்து உறவுகள் வந்த நாளோ. மேசை நடுவில் வினிகர் கலந்த சோறு, பக்கத்தில் நோரி என்னும் கடற்பாசித் தாள்கள். சுற்றிலும் சின்னச் சின்னத் தட்டுகளில் மீன் துண்டுகள், முட்டை அடை, வெள்ளரிக்காய், முள்ளங்கி முளை. சமைத்து முடித்துப் பரிமாறுகிறவர் என்று அங்கே ஒருவரும் இல்லை. ஆளாளுக்கு ஒரு தாளை எடுத்து, சோறு வைத்து, விருப்பப்பட்டதை அடுக்கி, கையாலேயே சுருட்டிச் சாப்பிடுகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளையும் ஒரு தாளை எடுக்கிறான். "உனக்கு வருமாடா?" என்று யாரும் கேட்பதில்லை. அவன் சுருட்டியது ஒரு பக்கம் பிதுங்குகிறது, மறுபக்கம் வெள்ளரிக்காய் நழுவுகிறது. அவனோ வாயில் போட்டு மென்றபடியே அடுத்த தாளுக்குக் கை நீட்டிவிட்டான். இதற்குப் பெயர் தெமாகி சுஷி. கையில் சுருட்டும் சுஷி.

அந்தப் பிள்ளைக்கு இருப்பதும் உங்களுக்கு இல்லாததும் திறமை என்றா நினைக்கிறீர்கள்? உங்கள் விரல்கள் அவனுடையவற்றைவிட முப்பது வருடம் கூடுதலாகப் பழகியவை. "கோணலாகப் போனால் என்ன நினைப்பார்கள்" என்ற பயம் அவனிடம் இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சுஷி என்றதும் நமக்கு ஒரு கலக்கம் வருகிறது. காரணம் இருக்கிறது. "சோறாக்க மூன்று ஆண்டு, பிடிக்க எட்டு ஆண்டு" என்று அந்தத் தொழிலில் ஒரு சொல் உண்டு. டோக்கியோவின் கின்சா பகுதியில் ஜிரோ ஓனோ நடத்திய சின்னஞ்சிறு கடையில் பயின்றவர் டைசுகே நகாசாவா. முட்டை அடை ஒன்றைச் சரியாகச் சுட்டு எடுப்பதற்குள் இருநூறு தடவைக்கு மேல் நிராகரிக்கப்பட்டதாக, 2011இல் வந்த ஆவணப்படம் ஒன்றில் அவரே சொல்கிறார். கடைசியில் ஒருநாள் குருநாதர் தலையசைத்தபோது மனுஷர் அழுதுவிட்டார். 2013இல் நியூயார்க்கில் தன் பெயரிலேயே ஒரு கடை திறந்தார். அப்படிப்பட்ட பிடிவாதத்துக்கு முன்னால் நான் தலை வணங்குவேன். கிண்டல் பண்ணமாட்டேன்.

ஆனால் இன்னொரு சங்கதியும் கேளுங்கள். ஒசாகாவில் 'சிஹாரு' என்று ஒரு சுஷிக் கடை. அங்கே சோறு பிடித்தவர்கள் பதினோரு ஆண்டு தவம் இருந்தவர்கள் இல்லை. சமையல் பள்ளி ஒன்றில் மூன்று மாதம் படித்துவிட்டு வந்தவர்கள். அந்தக் கடை திறந்து ஓராண்டு நிறைவதற்குள் மிச்சலின் உணவக வழிகாட்டியின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம் பிடித்தது. நியாயமான விலைக்கு நல்ல சாப்பாடு தரும் கடைகளின் வரிசையில் அதைச் சேர்த்தார்கள். தவம் பெரிதா, மூன்று மாதம் போதுமா என்று ஜப்பானில் பெரிய வாக்குவாதமே நடந்தது.

அந்த வழக்கில் நாம் ஆஜராக வேண்டிய அவசியம் இல்லை. நீங்கள் கடை வைக்கப் போவதில்லை. ஆனாலும் "சுஷி என்றால் பதினோரு ஆண்டு" என்பதை அதிகம் நம்புகிறவர் யார் தெரியுமா? சமையல்காரர் இல்லை, சமைக்கவே இறங்காத நாம்தான். மலை உயரம் என்று சொல்லிவிட்டால் அடிவாரத்திலேயே உட்கார்ந்துகொள்ளலாம் பாருங்கள். மேதைகளைப் புகழ்வதற்குள் சோம்பல் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்து வெளியே இழுத்துப் போடுங்கள்.

தெமாகி அந்த மலையைச் சுற்றிக்கொண்டு போகும் பாதை. டோக்கியோவில் 1924 முதல் இருந்துவரும் 'ட்சுகிஜி தாமாசுஷி' என்ற கடை, கூம்பாகச் சுருட்டும் முறையை 1971இல் தாங்கள்தான் கொண்டுவந்ததாகச் சொல்கிறது. கடையில் பிறந்ததாகவே இருக்கட்டும், அது வேர்விட்டது வீடுகளில். வினிகர் கம்பெனிகளும் நோரிக் கம்பெனிகளும் விளம்பரம் செய்து உதவின என்பது உண்மைதான். விளம்பரத்தால் மட்டும் ஒரு பழக்கம் அரை நூற்றாண்டு நிற்காது. இதில் தோற்கவே முடியாது என்று மக்கள் கண்டுகொண்டதால்தான் நின்றது. மூங்கில் பாய் வேண்டாம், கூரிய கத்தியின் வித்தை வேண்டாம், எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சுருட்டிய மறுகணம் வாய்க்குள் போய்விடும் பொருளுக்கு அழகுப் போட்டி எதற்கு?

கையில் எடுக்கப் போகும் அந்தக் கறுப்புத் தாளைக் கொஞ்சம் பாருங்கள். 21 சென்டிமீட்டர் நீளம், 19 சென்டிமீட்டர் அகலம், எடை ஏறக்குறைய 3 கிராம். ஊதினால் பறந்துவிடும். "எனக்கு வசதி இல்லை, வாய்ப்பு இல்லை, யாரும் ஆதரிக்கவில்லை" என்று முனகும் ஒவ்வொருவரும் இந்தத் தாளின் கதையைக் கேட்க வேண்டும்.

நோரியை ஜப்பானியர் நூற்றுக்கணக்கான ஆண்டுகளாகக் கடலில் வளர்த்துவந்தார்கள். ஆனால் அதற்கு விதை எங்கிருந்து வருகிறது என்பது யாருக்கும் தெரியாது. இலையுதிர் காலத்தில் ஆழம் குறைந்த கடலில் கழிகளையும் வலைகளையும் நட்டுவைப்பார்கள். பாசி வந்து ஒட்டினால் அந்த வருடம் பிழைப்பு உண்டு. ஒட்டாவிட்டால் கடன். கோடைக்காலத்தில் அந்தப் பாசி எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்பதே புதிர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் விளைச்சல் படுத்துவிட்டது. கடலோரக் குடும்பங்கள் திண்டாடின.

விடை கிடைத்த இடம் ஜப்பானே இல்லை. இங்கிலாந்து. கேத்லீன் மேரி ட்ரூ 1901இல் லங்காஷயரில் லீ என்ற ஊரில் பிறந்தவர். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்து அங்கேயே கற்பித்தும் வந்தார். 1928இல் ஹென்றி ரைட் பேக்கரை மணந்தார். மணமான பெண்களுக்கு வேலை தருவதில்லை என்பது அன்றைய விதி. வேலை போயிற்று. சம்பளம் போயிற்று. கல்யாணம் செய்துகொண்டதற்குத் தண்டனை!

என்ன செய்திருக்கலாம்? அழுதிருக்கலாம். ஊரைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தாலும் நியாயம்தான். அவரோ சம்பளமில்லாத ஆய்வாளராக அதே துறையில் பாசிகளோடு உட்கார்ந்துவிட்டார். இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தார். நோரிக்கு நெருங்கிய உறவான பாசி ஒன்று பிரிட்டன் கடற்கரைப் பாறைகளில் வளர்கிறது. வேல்ஸ் மக்கள் அதை வேகவைத்து உண்பார்கள். அதன் வித்துகளைக் கிளிஞ்சல் ஓடுகளோடு சேர்த்து வளர்த்துப் பார்த்தார். வித்துகள் ஓட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய் இளஞ்சிவப்பு இழைகளாகப் படர்ந்தன. அந்தச் சிவப்பு இழைகளை விஞ்ஞானிகள் ஏற்கெனவே அறிவார்கள். அது தனியான வேறொரு உயிரினம் என்று சொல்லிப் பெயரும் வைத்து மூடிவிட்டிருந்தார்கள். இரண்டும் ஒன்றேதான், அந்தப் பாசி கோடையைக் கழிக்கும் உருவம்தான் இது என்று ட்ரூ கண்டார். 1949இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரையாக அது வெளிவந்தது.

சேதி கியூஷூ பல்கலைக்கழகத்தின் சோகிச்சி செகாவாவை எட்டியது. குமாமோட்டோவில் ஃபுசாவோ ஓட்டா என்ற ஆய்வாளர் அதைத் தொழில்முறையாக்கினார். கிளிஞ்சல் ஓடுகளில் வித்தை வளர்த்து, வேளை பார்த்து வலைகளில் ஏற்றக் கற்றுக்கொண்டார்கள். சூதாட்டமாக இருந்த தொழில் விவசாயமாக மாறியது. இன்று ஜப்பானிய நோரிக்குப் பேர்போன அரியாக்கே விரிகுடாவில் சாகா, ஃபுக்குவோக்கா, குமாமோட்டோ கரைகளில் நடக்கும் அறுவடை முழுவதும் அந்தக் கண்டுபிடிப்பின் மேல் நிற்கிறது.

ட்ரூ 1957இல் இறந்துபோனார். ஜப்பானை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. 1963இல் நோரி வளர்ப்பவர்கள் சேர்ந்து குமாமோட்டோ மாகாணத்தின் உட்டோ நகரில் கடலைப் பார்த்தபடி அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 அன்று அங்கே கூடி, 'கடலின் தாய்' என்று சொல்லி வணங்குகிறார்கள். சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாத ஒரு பெண்ணுக்கு, அவர் காலே படாத நாட்டில் திருவிழா!

இப்போது சொல்லுங்கள். உங்கள் வீட்டில் மூங்கில் பாய் இல்லை, ஜப்பானியக் கத்தி இல்லை, அதனால் சுஷி செய்ய முடியாது. அப்படித்தானே?

மேசையிலே இன்னொரு தட்டில் சிவப்பும் வெள்ளையுமாக நண்டுக் குச்சி இருக்கும். குழந்தைகள் முதலில் காலி செய்வது அதைத்தான். அதில் நண்டு இறைச்சியைத் தேடாதீர்கள். பெரும்பாலும் அரைத்த வெள்ளை மீன்தான். நோட்டோ தீபகற்பத்தில் நனாவோ நகரத்து 'சுகியோ' கம்பெனி, சீனத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஜெல்லி மீன் கிடைக்காமல் போனபோது, அதைச் செயற்கையாகச் செய்ய முயன்றது. தோல்வி. ஆனால் அந்தத் தோற்றுப்போன பண்டத்தை நறுக்கி வாயில் போட்டபோது யாரோ ஒருவருக்கு நார்நாராக நண்டின் ஞாபகம் வந்திருக்கிறது. 1972இல் அது கடைக்கு வந்தது. இன்றைக்கு உலகம் முழுவதும் தின்கிறது. குப்பைத் தொட்டிக்குப் போகவிருந்ததை ஒரு வாய் தின்று பார்க்கிற துணிச்சல்தான் அங்கே முதல்.

வினிகரின் கதையில் இன்னும் அதிகமான நெஞ்சுரம் இருக்கிறது. நகோயாவுக்குத் தெற்கே ஹண்டா என்ற துறைமுக ஊர். அங்கே சாக்கே மது வடிக்கும் நகானோ மத்தசயெமோன், 1804இல் வினிகர் செய்ய முடிவெடுத்தார். மது வடிப்பவருக்கு வினிகர் என்றால் எமன். வினிகரை உண்டாக்கும் கிருமி மதுத் தொட்டிக்குள் புகுந்துவிட்டால் அந்தப் பருவத்து மது முழுக்கப் புளித்துப் போகும், குடும்பம் தெருவுக்கு வரும். இவரோ மது பிழிந்தபின் மிஞ்சும் சக்கையை எடுத்து, அதிலிருந்தே வினிகர் இறக்கினார். எடோ மாநகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், அவசரக்காரர்களுக்காகக் கையில் பிடித்துக் கொடுக்கும் சுஷி அப்போதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்தது. ஹண்டாவின் சக்கை வினிகர் மலிவு, நிறம் சிவப்பு, சுவை இனிப்பு. கப்பலேறி எடோவுக்குப் போய்ச் சோற்றில் கலந்தது. அவர் தொடங்கியதுதான் இன்றைய 'மிஸ்கான்'. ஆபத்தை அறியாமல் குதித்தவர் என்று எண்ணாதீர்கள். ஆபத்து எங்கே இருக்கிறது என்று மற்ற எவரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

நான் சொல்லவந்த விஷயமும் இதுதான். எங்கே கறாராக இருக்க வேண்டும், எங்கே கையை விட்டுவிட வேண்டும் என்பது தெரிந்தவருக்குத்தான் தன்னம்பிக்கை நிலைக்கும். மற்றது வெறும் வாய்ச்சவடால். தெமாகி மேசையில் கறாராக இருக்க வேண்டியவை இரண்டு: சோறு, மீன். மற்ற எல்லாவற்றிலும் கோணலுக்கு இடம் உண்டு.

முதலில் சோறு. நம் பொன்னியும் சீரகச் சம்பாவும் இதற்கு ஆகாது. பருக்கை பருக்கையாக உதிர்ந்து மானத்தை வாங்கும். குட்டையான ஜப்பானிய அரிசிதான் வேண்டும். ரைஸ் குக்கரோடு வரும் ஜப்பானியக் கோப்பை 180 மில்லி, அதில் ஏறக்குறைய 150 கிராம் அரிசி பிடிக்கும். நான்கு பேருக்கு மூன்று கோப்பை தாராளம். கழுநீர் தெளியும்வரை மெதுவாகக் கழுவி, அரை மணி ஊறவிடுங்கள். வழக்கத்தைவிடத் தண்ணீர் ஒரு சொட்டுக் குறைவாக, சோறு கொஞ்சம் விறைப்பாக வரும்படி. பின்னால் வினிகர் ஊற்றப் போகிறோமே, ஈரம் அங்கிருந்து வரும். 'கொம்பு' என்கிற தடித்த கடற்பாசித் துண்டு கிடைத்தால் ஒன்று போட்டு வேகவையுங்கள், மணம் ஏறும். இல்லையென்றால் விருந்து நின்றுவிடாது.

இரண்டு கோப்பை அரிசிக்கு அரிசி வினிகர் நான்கு மேசைக்கரண்டி, சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி. மூன்று கோப்பைக்கு ஒன்றரை மடங்கு. சர்க்கரை கரையும்வரை லேசாகச் சூடாக்கலாம், கொதிக்க விடாதீர்கள். சோறு வெந்து பத்து நிமிடம் அடங்கியதும், ஆவி பறக்கும்போதே அகலமான பாத்திரத்தில் கொட்டி வினிகரை ஊற்ற வேண்டும். ஆறிய சோறு வினிகரைக் குடிக்காது. ஜப்பானில் இதற்கு 'ஹங்கிரி' என்ற மரத்தொட்டி வைத்திருப்பார்கள். உங்களிடம் அகலமான கண்ணாடிப் பாத்திரமோ பெரிய தாம்பாளமோ இருந்தால் அதுவே போதும். கிளறினால் களியாகும். துடுப்பைச் சாய்த்துப் பிடித்து, வெட்டுவதுபோல் இழுத்து இழுத்துப் புரட்டுங்கள். பக்கத்தில் இன்னொருவரை நிறுத்தி விசிறச் சொல்லுங்கள். மேலீரம் போய்ப் பருக்கைகளில் மினுக்கு ஏறும். தொட்டால் உடம்புச் சூடு இருக்க வேண்டும், அதுதான் பதம். ஈரத்துணி போட்டு மூடிவையுங்கள். நாளைக்குத்தானே விருந்து என்று இன்றே செய்து ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். சோறு விறைத்துக் கல்லாகிவிடும். இந்தச் சோறு அன்றன்றைக்குத்தான்.

இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்கிறீர்களா? சோறு நன்றாக இருந்தால் உள்ளே வெறும் வெள்ளரிக்காயை வைத்துச் சுருட்டினாலும் விருந்து ஜெயிக்கும். சோறு கெட்டுவிட்டால் விலையுயர்ந்த மீனாலும் அதைத் தூக்கி நிறுத்த முடியாது. உழைப்பை அடித்தளத்தில் கொட்டிவிட்டால் மேலே எத்தனை கோணலையும் அது தாங்கும். நம் ஊர்த் தன்னம்பிக்கைப் பேச்சுகளில் பெரும்பாலும் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். "உன்னால் முடியும்" என்று முதுகில் தட்டுவார்கள்; அரிசியை எத்தனை நிமிடம் ஊறவைப்பது என்று சொல்லமாட்டார்கள்.

அடுத்தது மீன். இங்கே என்னிடம் சமாதானம் கிடையாது. "பச்சையாகச் சாப்பிடலாம்" என்று குறித்து விற்கிற மீனை மட்டும் வாங்குங்கள். சந்தையில் துள்ளத் துள்ளக் கிடந்ததே என்று வாங்கிவந்து அறுப்பது வீரம் ஆகாது, மடத்தனம். கடல்மீன்களின் உடலில் அனிசாக்கிஸ் என்ற புழு இருக்கக்கூடும். ஜப்பானிய சுகாதார அமைச்சகம் சொல்லும் வழி, மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரத்துக்கு மேல் உறையவைப்பது அல்லது நன்றாகச் சூடாக்குவது. வீட்டு ஃப்ரீசர்கள் பலவற்றில் அந்தக் குளிர் எட்டாது. வினிகரோ, வசாபி என்ற பச்சைக் காரவிழுதோ, சோயா சாஸோ அந்தப் புழுவை ஒன்றும் செய்யாது. கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் சமைத்ததை மட்டுமே வையுங்கள்.

ஜப்பானியரே சால்மனைப் பச்சையாகத் தொடாமல் இருந்தார்கள் என்றால் நம்புவீர்களா? பசிபிக் கடலின் காட்டுச் சால்மனில் புழு உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும். அதை உப்பிட்டோ சுட்டோதான் உண்பார்கள். 1980களில் நார்வேக்காரர்கள் பண்ணையில் வளர்த்த தங்கள் சால்மனை அங்கே விற்கவந்தபோது, "சால்மன் சுஷியா? சேச்சே!" என்று முகம் சுளித்தார்கள். நார்வே சார்பில் அந்த வேலையில் இறங்கிய பியோர்ன் எய்ரிக் ஓல்சன் ஆண்டுக்கணக்கில் முட்டி மோதினார். உறைய வைத்த மீன் கிடங்கில் தேங்கிக் கிடந்தபோதும், மலிவாக வறுவலுக்குத் தள்ளிவிட அவர் சம்மதிக்கவில்லை. 1992இல் நிச்சிரெய் நிறுவனம் 5,000 டன் எடுத்துக்கொண்டது, பச்சையாக உண்ண சுஷிக்கென்றே விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இன்று ஜப்பானியப் பிள்ளைகளைக் கேளுங்கள், எந்த சுஷி பிடிக்கும் என்று. சால்மன் என்று கத்துவார்கள்.

மீனே வேண்டாம் என்கிறவர்களும் இந்த மேசையில் குறைபட வேண்டியதில்லை. வெள்ளரிக்காய், வெண்ணெய்ப்பழம், மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய், உப்பில் ஊறிய உமே பழம், சோயா சாஸில் கொதித்த காளான், ஷிசோ இலை. புளித்த சோயாவான நாட்டோவை வைத்தால் மேசையே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். அதுவும் ஒரு கலகலப்புத்தான். டின்னில் வரும் டூனாவை மயோனைஸில் பிசைந்து வைப்பது ஜப்பானிய வீடுகளில் சர்வசாதாரணம். "இது அசல் சுஷியா?" என்று மூக்கைச் சுளிக்கும் ஆசாமிகள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்கு ஒரு தாளைக் கொடுத்து உட்காரவையுங்கள். வாய் நிறைந்திருக்கும்போது விமர்சனம் வராது.

சரி, சுருட்டுங்கள். நோரியைப் பாதியாக வெட்டுங்கள். பிள்ளைகளுக்கும் பலவகை ருசி பார்க்க நினைப்பவர்களுக்கும் கால் தாள் போதும். மினுமினுப்பான பக்கம் கீழே இருக்கும்படி இடது உள்ளங்கையில் ஏந்துங்கள். இடப்பக்கப் பாதியில் மட்டும் சோறு, மெல்லிசாக. எல்லாரும் இங்கேதான் சறுக்குவார்கள்: ஆசைப்பட்டுச் சோற்றை அள்ளி வைத்துவிடுவார்கள், பிறகு தாள் மூடாது. கஞ்சத்தனமாக வையுங்கள். அதன்மேல் கொஞ்சம் வசாபி, பிறகு நீளவாக்கில் நறுக்கியவற்றை இடது மேல்மூலையைப் பார்த்துச் சாய்வாக அடுக்குங்கள். இடது கீழ்மூலையைத் தூக்கி உள்ளடக்கத்தின் மேல் மடித்து, அப்படியே வலப்பக்கமாக உருட்டினால் கூம்பு வந்துவிடும். ஓரம் நிற்கவில்லையா, ஒரு பருக்கையை நசுக்கி ஒட்டுங்கள். சோயா சாஸில் தொட்டு உடனே கடியுங்கள். வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் நோரி நமுத்த அப்பளமாகிவிடும்.

முதல் கூம்பு பிரியும். இரண்டாவதில் அடிப்பக்கம் ஒழுகும். அதனால் என்ன? ஒவ்வொரு தவற்றையும் நீங்களே தின்று தீர்த்துவிடுகிறீர்கள், தடயமே மிஞ்சாது! இப்படி ஒரு பள்ளிக்கூடம் வேறெங்கே இருக்கிறது? அடுத்தவர் தட்டைப் பார்த்து உங்கள் கூம்பை எடைபோடாதீர்கள். அவருடைய மூன்றாவதை உங்கள் முதலோடு ஒப்பிட்டு மனம் நோகிறவர்தான் வாழ்க்கை முழுக்க அதையே செய்துகொண்டிருக்கிறார்.

விருந்துக்கு அழைப்பவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. குறிப்பாக, விருந்து என்றாலே அடுப்படியில் நின்று வியர்த்து, எல்லாரும் கையலம்பியபின் மிச்சத்தைத் தின்னும் பெண்களிடம். ஜப்பானிலும் இந்தச் சுமை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. அங்கே என்ன, இங்கே என்ன! தெமாகி மேசை உங்களை நாற்காலியில் உட்காரவைக்கிறது. வந்தவர்கள் வேலை செய்வார்கள். மாமனாரும் சுருட்டட்டும், கணவரின் மேலதிகாரியும் சுருட்டட்டும், பிதுங்கட்டும். "வந்தவங்களை வேலை வாங்கறதா?" என்று உங்களுக்கு உறுத்தும். எல்லாவற்றையும் நானே செய்தால்தான் என் கௌரவம் நிற்கும் என்று எண்ணுகிறீர்களே, அதுகூடப் பயத்தின் இன்னொரு வேஷம்தான். விட்டுக்கொடுத்துப் பாருங்கள். ஓரமாக ஒதுங்கி செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் கூச்சக்காரருக்குக்கூட இரண்டு கைக்கும் வேலை கிடைத்துவிடும். "அந்த முட்டையை இப்படித் தள்ளுங்க" என்று அவரே பேச்சைத் தொடங்குவார்.

எனவே, எப்போதாவது பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். கற்றுத் தேர்ந்தபின் அழைக்கிறேன் என்பதும் வேண்டாம். அந்த நாள் நாட்காட்டியில் அச்சாவதே இல்லை. இன்றைக்கே மூன்று பேருக்கு ஃபோன் போட்டு ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணிக்கு வரச் சொல்லிவிடுங்கள். அழைத்தபிறகு பயப்பட நிறைய நேரம் இருக்கிறது. நோரி பத்துத் தாள் வாங்கினால் இருபது கூம்பு, ஆளுக்கு ஐந்து. மீன் வைப்பதானால் நான்கு பேருக்கும் சேர்த்து அரைக் கிலோ. ஞாயிறு காலையில் வாங்கி ஃப்ரிட்ஜின் குளிர்ந்த மூலையில் வையுங்கள், ஆட்கள் வந்து உட்கார்ந்தபிறகு வெளியே எடுத்தால் போதும். நாலரைக்கு அரிசியைக் கழுவுங்கள், ஐந்தேகாலுக்கு அடுப்பை மூட்டுங்கள். ஆறு மணிக்கு வினிகர். ஆறேகாலுக்கு விசிறியைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு வெள்ளரிக்காயை நறுக்க உட்காருங்கள். நோரிப் பொட்டலத்தை மட்டும் எல்லாரும் கை கழுவி உட்காரும்வரை பிரிக்காதீர்கள்.